பெருங்காய டப்பாவின் பின்பக்கம்

தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. அந்தச் சமயத்தில் ஆயர் ஈத்தாமில் என் அத்தை வீட்டுச் சமையலறை, சமையலறையாகவே இருக்காது. இரண்டு பெரிய அடுப்பு, நான்கு பெண்கள், கூடம் முழுக்க அடுக்கிய பிளாஸ்டிக் டப்பாக்கள். காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு வானொலி நிலையத்திலிருந்து நேராக அங்கே போவேன். உதவி செய்யப் போவதாகச் சொல்லிக்கொள்வேன். உடைந்த முறுக்குக்காகத்தான் வருகிறேன் என்று அத்தைக்குத் தெரியும்.

அன்று ஓர் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. அரை கிலோ முறுக்கு டப்பா 300 கேட்டு முன்பணமும் கொடுத்திருந்தவர்கள். ஒரே ஒரு கேள்விதான். "எங்க ஊழியர் ஒருத்தருக்குக் கோதுமை ஆகாது. டாக்டர் சுத்தமா நிறுத்தச் சொல்லிட்டார். உங்க அரிசி முறுக்குல கோதுமை இல்லைதானே?"

அத்தை மகள் மடிக்கணினியைத் திறந்தாள். போன மாதம்தான் வியாபாரத்துக்கென்று ஒரு மென்பொருள் வாங்கி, ஒவ்வொரு பலகாரத்துக்கும் என்னென்ன பொருள் எவ்வளவு என்று ராத்திரி உட்கார்ந்து ஏற்றியிருந்தாள். திரையில் எட்டு வரி: அரிசி மாவு, உளுத்தம் மாவு, வெண்ணெய், எள், ஓமம், உப்பு, பெருங்காயம், எண்ணெய். கோதுமை எங்கும் இல்லை. "இல்லைங்க, அரிசியும் உளுந்தும்தான்" என்று அவள் ஆரம்பித்தபோது அடுப்படியிலிருந்து அத்தை குரல் வந்தது.

"இருக்கு! பெருங்காயத்துல இருக்கு."

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். அத்தை கரண்டியை வைத்துவிட்டு வந்து, பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். பொடி எழுத்தில் கோதுமை மாவு என்று போட்டிருந்தது. சுத்தமான பெருங்காயம் என்பது ஒரு செடியின் பிசின். அதை அப்படியே போட்டால் காரமும் நாற்றமும் தாங்காது. அதனால்தான் மாவும் வேறு பிசினும் கலந்து கூட்டுப் பெருங்காயமாக விற்கிறார்கள். பெரும்பாலும் அந்த மாவு கோதுமை. இருபது வருடமாக இந்த டப்பாவை நானும் பார்த்திருக்கிறேன், பின்பக்கம் படித்ததில்லை.

போனில் இருந்தவரைச் சற்றுப் பொறுக்கச் சொன்னாள். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமா கண்ணாடியைக் கழற்றினார். "நீ பட்டியலை முதல் படியோட நிறுத்திட்டே, அதான்" என்றார்.

மாமா பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் உற்பத்தித் திட்டப் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வேலையே இந்தப் பட்டியல்தான். பில் ஆஃப் மெட்டீரியல்ஸ் என்பது முழுப் பெயர். ஒரு பொருளைச் செய்ய என்னென்ன வேண்டும், ஒவ்வொன்றும் எவ்வளவு, எதற்குள் எது என்று சொல்லும் பொருள் பட்டியல். தொழிற்சாலையில் மூன்று எழுத்தைச் சேர்த்து ‘பாம்’ என்பார்கள். "பாம் ரிலீஸ் பண்ணியாச்சா?" என்று பேருந்தில் உரக்கக் கேட்டு, பக்கத்து இருக்கைக்காரர் மிரண்ட கதை மாமாவிடம் உண்டு.

இந்தப் பட்டியலை அலட்சியமாக நினைக்க வேண்டாம். பினாங்கில் நம் குடும்பங்கள் பலவற்றுக்குச் சோறு போட்டது இதுதான். 1972-இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வாணிப வட்டாரம் திறந்தது, நாட்டிலேயே முதலாவது. முதலமைச்சராக இருந்தவர் துன் லிம் சோங் இயு. இன்டெல், ஏஎம்டி, ஹியூலட்-பேக்கர்ட், நேஷனல் செமிகண்டக்டர், லிட்ரோனிக்ஸ், ஹிட்டாச்சி, கிளாரியோன், பாஷ் என்று முதலில் வந்த எட்டு நிறுவனங்களையும் ‘எட்டுச் சாமுராய்கள்’ என்று இன்றும் சொல்கிறார்கள். அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் போட்ட முதல் ஆலை இங்கேதான். தோட்டத்தை விட்டு வந்த நம் பெண்கள் விடிவதற்கு முன் தொழிற்சாலைப் பேருந்துக்குக் காத்து நின்றது, இந்த ஆலைகளின் பட்டியல்களில் இருந்த ஒவ்வொரு வரியையும் கையால் செய்து கொடுக்கத்தான். அதே 1972-இல் ஜெர்மனியில் ஐபிஎம் நிறுவனத்தை விட்டு வெளியே வந்த ஐந்து பேர் தொடங்கிய கம்பெனிதான் சேப். இன்று உலகின் பெரிய ஆலைகள் பலவற்றில் பட்டியலைச் சுமப்பது அவர்களுடைய மென்பொருள்.

அதற்கு முன்னாலேயே நிலவுக்குப் போவதற்கும் இந்தப் பட்டியல் தேவைப்பட்டது. அப்போலோ திட்டத்தில் இலட்சக்கணக்கான பாகங்கள். எது எதற்குள் போகிறது என்று காகிதத்தில் வைத்துக்கொள்ள முடியவில்லை. 1966-இல் ஐபிஎம்மும், விண்கலத்தைக் கட்டிய நிறுவனமும், மண்வாரி இயந்திரம் செய்யும் கேட்டர்பில்லரும் சேர்ந்து ஒரு தரவுத்தள மென்பொருளை எழுத ஆரம்பித்தார்கள். 1968 ஆகஸ்டு 14-இல் கலிபோர்னியாவின் டௌனி நகரில் ஒரு முனையத்தில் ‘தயார்’ என்ற முதல் செய்தி வந்தது. ஐ.எம்.எஸ். என்ற அந்த மென்பொருளின் வழிவந்தது இன்னும் பெரிய வங்கிகளில் ஓடுகிறது. பாகப் பட்டியலைச் சமாளிக்கப் பிறந்தது பணத்தைச் சமாளிக்கிறது.

சரி, பெருங்காயத்துக்கு வருவோம்.

மாமா சொன்ன ‘படி’ என்பது இதுதான். முறுக்கு ஒரு படி. அதற்குக் கீழே மாவும் பெருங்காயமும் இன்னொரு படி. பெருங்காயத்துக்குக் கீழே பிசின், கோதுமை மாவு என்று மூன்றாவது படி. கடையில் வாங்கும் பொருளுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாரும் எழுதுவதில்லை. வாங்கியது ஒரே பொருள், ஒரே விலை, அவ்வளவுதான். கணக்குக்கு அது போதும். கோதுமை ஆகாதவருக்குப் போதாது.

"எங்களுக்கும் இதே கதை நடந்துச்சு, ஈயத்துல" என்றார் மாமா.

இங்கே தமிழ் வாசகருக்கு ஒரு சங்கடம் உண்டு. நம் பேச்சில் ஈயம் என்றால் இரண்டு உலோகம். பேராக்கில் நம் முன்னோர் தோண்டிய ஈய லம்பம் வெள்ளீயம். பாட்டி ரசம் வைத்த ஈயச் சொம்பும் வெள்ளீயம். காரீயம் வேறு, அது நஞ்சு. சொம்பு வாங்கும்போது இரண்டையும் ஒரே பெயரால் கேட்டு வாங்கினால் வயிறு பதில் சொல்லும். இதனால்தான் மென்பொருளில் பெயரை நம்பாமல் ஒவ்வொரு பொருளுக்கும் தனி எண் கொடுக்கிறார்கள். ‘அரிசி மாவு’ என்று எழுதினால் பச்சரிசியா புழுங்கலரிசியா, வறுத்ததா வறுக்காததா என்று கணினிக்கு எப்படித் தெரியும்?

மின்னணுச் சாதனங்களில் பாகங்களைப் பலகையில் ஒட்ட வைக்கும் பற்றாசில் பழங்காலமாக இரண்டு ஈயமும் சேர்ந்திருந்தன. நூற்றுக்கு 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம். 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் காரீயம், பாதரசம், காட்மியம் உட்பட ஆறு பொருள்களுக்குத் தடை போட்டது. காரீயம் எந்தப் பகுதியிலும் எடையில் 0.1 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. ஐரோப்பாவுக்கு அனுப்பும் ஆலைகள் புதுப் பற்றாசுக்கு மாறின. பரவலாகப் பயன்படுவது 96.5 பங்கு வெள்ளீயம், 3 பங்கு வெள்ளி, அரைப் பங்கு செம்பு. பழையது 183 டிகிரியில் உருகும், புதியதற்கு 217 டிகிரியாவது வேண்டும். அடுப்புச் சூடு மாறியது. சூடு மாறியதால் அதைத் தாங்காத பாகங்களையும் மாற்ற வேண்டியிருந்தது. ஒரு வரி மாறியதில் பத்து வரி மாறிவிட்டது.

"பற்றாசை மாத்தினா வேலை முடிஞ்சதுன்னு நினைச்சோம். வெளியிலிருந்து வாங்கற பாகத்தோட கால் மேல பூசியிருந்ததுலயும் காரீயம் இருந்துச்சு. அது எங்க பட்டியல்லயே இல்லை. வாங்கற பொருள், ஒரே வரி." ஒவ்வொரு பாகத்துக்கும் விற்றவரைக் கேட்டு எழுத்தில் வாங்கி மென்பொருளில் ஏற்றினார்களாம். அதுவரை பழைய பட்டியல் எந்தத் தேதியோடு முடிகிறது, புதியது எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று தனித்தனியாக வைத்தார்கள். பார்க்க ஒரே மாதிரியான இரண்டு பலகை, இரண்டு பட்டியல். ஒன்றை ஒன்றின் பெட்டியில் போட்டால் சரக்கு துறைமுகத்தில் நின்றுவிடும்.

இதைக் கேட்டுக்கொண்டே அத்தை மகள் மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தினாள். ஒரு பொருள் எந்தெந்தப் பலகாரத்தில் சேர்கிறது என்று பின்னோக்கித் தேடும் வசதி. பெருங்காயம் என்று கேட்டதற்கு முறுக்கு, ஓமப்பொடி, காராபூந்தி என்று மூன்று பெயர் வந்தது. மிக்சர் வரவில்லை.

மிக்சரில் ஓமப்பொடியும் காராபூந்தியும்தான் பாதி. அவள் மிக்சருக்குப் பட்டியல் எழுதும்போது அவற்றின் பெயரைப் போடாமல், கடலை மாவு, மிளகாய்த் தூள் என்று எல்லாவற்றையும் பிரித்துக் கொட்டியிருந்தாள். அதில் பெருங்காயத்தை எழுத மறந்துவிட்டாள். ஓமப்பொடியின் பட்டியலை மாற்றினாலும் மிக்சர் பழையபடியே இருக்கும். மிக்சருக்குள் ‘ஓமப்பொடி’ என்ற பொருளையே ஒரு வரியாக வைத்தால், கீழே எது மாறினாலும் தானாக மேலே வந்துவிடும். செய்துவைத்த பலகாரத்தை இன்னொரு பலகாரத்துக்குள் போடுகிறவர்கள் எல்லாரும் இதைக் கவனிக்க வேண்டும். பலகார வியாபாரம் மட்டுமல்ல, தையல், பூங்கொத்து, கேட்டரிங், தளவாடக் கடை என எதுவானாலும் சரி.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. மாவைப் பிசைந்த கலவையைத் தனிப் பொருளாக எழுதிக் கையிருப்பு போடுவது. அது அரை மணியில் அச்சில் போய்விடும். கிடங்கில் ஒருநாளும் நிற்காத அதற்குக் கையிருப்பு எதற்கு? இப்படிப்பட்டதை மென்பொருளில் ‘பேண்டம்’ என்று, அதாவது ஆவி என்று குறிப்பார்கள். பட்டியலில் தெரியும், கணக்கில் நிற்காது. "அப்பா, நம்ம வீட்டுல ஆவி இருக்கு" என்று அத்தை மகள் சொன்னதும் மாவு பிசைந்துகொண்டிருந்த அக்கா கையை எடுத்துவிட்டார்.

கோதுமைக்காகப் பட்டியலைத் தோண்டியதில் இன்னொன்றும் வெளியே வந்தது. அதுதான் அவளுக்கு வலித்தது.

எண்ணெய் வரியில் ஒரு கிலோ முறுக்குக்கு 250 கிராம், விலை கிலோ 2 ரிங்கிட் 50 காசு என்று போட்டிருந்தாள். அந்த 2.50 வீட்டுச் சமையலுக்கு அரசாங்கம் உதவித்தொகை கொடுத்து விற்கும் ஒரு கிலோ பாக்கெட்டின் விலை. வியாபாரத்துக்கு அதை எடுக்கக்கூடாது. அத்தையும் எடுப்பதில்லை, 17 கிலோ டின் வாங்குகிறார். கணக்குப் பார்த்தால் கிலோ 7 ரிங்கிட்டுக்குப் பக்கம் வருகிறது. 250 கிராம் என்பதும் முறுக்கு குடித்த எண்ணெய் மட்டும். இடையிடையே ஊற்றுவதும், கறுத்துப்போய்க் கடைசியில் கழிப்பதும் சேர்த்தால் 400 கிராம் என்றார் அத்தை. ஆக 63 காசு என்று எழுதிய இடத்தில் உண்மையில் 2 ரிங்கிட் 80 காசு. 300 டப்பா என்றால் 150 கிலோ. எண்ணெயில் மட்டும் 325 ரிங்கிட் நட்டம். விலை ஏற்கனவே பேசி முடித்தாகிவிட்டது.

உடைசலையும் அவள் எழுதவில்லை. என்னைப் போன்றவர்கள் சாப்பிட்டுத் தீர்ப்பது நூற்றுக்கு எட்டு என்று அத்தை சொன்னார். (நான் மறுக்கவில்லை.) இதிலும் ஒரு பொறி இருக்கிறது. நூற்றுக்கு இருபது வீணாகும் பொருளில் 100 கிலோ கைக்கு வர வேண்டுமானால் 120 கிலோ போட்டால் போதாது. 125 கிலோ போட வேண்டும், அதில் இருபது விழுக்காடு 25 கிலோ போனால்தான் 100 மிஞ்சும். சில மென்பொருள்கள் முதல் விதமாகக் கணக்குப் போடும், சில இரண்டாவது விதமாக. வாங்கியவுடன் நூறை வைத்து ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது.

"நான்தானே போட்டேன். அம்மாவைத் தூக்கத்துலேருந்து எழுப்ப வேணாம்னு நானே போட்டேன்" என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 2024 ஆகஸ்டு 1 முதல் பெரிய நிறுவனங்களில் தொடங்கி மின்-விலைப்பட்டியல் படிப்படியாகக் கட்டாயமாகி வருகிறது. நாளைக்கு நம்மிடமும் வரும் என்று பயந்துதான் பல சின்ன வியாபாரிகள் அவசர அவசரமாக மென்பொருள் வாங்குகிறார்கள். காசு கொடுத்து வாங்கியதும் உண்டு, மும்பையில் எழுதப்பட்ட ஈஆர்பி-நெக்ஸ்ட் போல மூலநிரலோடு இலவசமாகக் கிடைப்பதும் உண்டு. எதை வாங்கினாலும் உள்ளே போவது நாம் தட்டுவதுதான். கணினி கேள்வி கேட்காது. 250 என்றால் 250 என்று 300 டப்பாவுக்கும் பெருக்கிக் கொடுத்துவிடும். அடுப்படியில் தப்பு நடந்தால் ஒரு ஈடு முறுக்கு கருகும், அடுத்த ஈட்டில் அத்தை திருத்திவிடுவார். பட்டியலில் நடந்தால் எல்லா ஈட்டிலும் நடக்கும், யாருக்கும் கருகல் வாசனை வராது.

எனக்கு மாமா மேல்தான் கொஞ்சம் வருத்தம். முப்பது வருடம் பட்டியலோடு வாழ்ந்தவர், பக்கத்து அறையில் மகள் பட்டியல் எழுதும்போது எட்டிப் பார்க்கவில்லை. கேட்டேன். "முறுக்கைப் பத்தி எனக்கு என்ன கண்ணு தெரியும்?" என்றார். அதுவும் நியாயம்தான். அவருக்குப் பட்டியல் தெரியும், முறுக்கு தெரியாது. அத்தைக்கு முறுக்கு தெரியும், அவரை யாரும் கேட்கவில்லை. 

அலுவலகத்துக்கு அத்தை மகளே போன் செய்தாள். பெருங்காயத்தில் கோதுமை இருப்பதைச் சொன்னாள். பெருங்காயம் போடாமல் தனியாகச் செய்து தர முடியுமா என்று அவர்கள் கேட்டார்கள். அவள் அத்தையைப் பார்த்தாள். அத்தை தலையை ஆட்டி, "இதே அச்சு, இதே சட்டி, காலையில மைதா மாவு வேற சலிச்சிருக்கேன். நம்மால உறுதி சொல்ல முடியாதுன்னு சொல்லிடு" என்றார். அந்த ஊழியருக்கு முறுக்குக்குப் பதில் பழக்கூடை போனது. 299 டப்பாவிலும் கோதுமை உண்டு என்று ஒட்டுத்தாள் ஒட்டினோம். உணவு விதிமுறைகள் 1985-இன்படி ஒவ்வாமை தரும் பொருளைக் குறிப்பிட்டாக வேண்டும் என்று அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. ஒட்டியது நான், அதனால் சில கோணலாக இருந்திருக்கும்.

தீபாவளி முடிந்த மறுவாரம் போனபோது மேசையில் மடிக்கணினியும் அத்தையின் 555 நோட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. சட்டைப் பையில் அடங்கும் அந்த நோட்டில் மளிகைக் கடன் மட்டுமே இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். பலகார அளவும் அதில்தான். மாற்றிய இடத்தில் பழைய அளவை ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் புது அளவும் தேதியும். அடித்தது படிக்கும்படியே இருந்தது. மாமா நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "ஏம்மா, இதை எங்கே கத்துக்கிட்டே?" என்றார். "மறந்துட்டா திரும்பிப் பார்க்க வேணாமா?" என்று அத்தை சொன்னார்.

மென்பொருளில் பட்டியலை யார் மாற்றலாம் என்று ஓர் இடம் கேட்டது. அத்தை மகள் தன் பெயரை அழித்துவிட்டு அம்மா பெயரைத் தட்டினாள். அதற்குக் கீழே, மாற்றம் எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்ற கட்டத்தில் அன்றைய தேதி. முறுக்கு முடிந்தது, ஓமப்பொடி முடிந்தது, மிக்சருக்குள் ஓமப்பொடி ஒரு வரியாக உட்கார்ந்தது. அடுத்து நெய் உருண்டை.

"அம்மா, பாசிப்பயற்று மாவு எத்தனை டின்?"

அத்தை நிமிர்ந்து பார்த்தார். "எந்த டின்? பழைய பால் டின்னா, புது டின்னா? அமுக்கி அளக்கறதா, அமுக்காமலா?"

மாமா எழுந்து போய்த் தராசை எடுத்து வந்தார்.